ஆச்சியின் நூறு ரூபா

சென்ற மாதம் மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் பெண்கள் சங்கக் கூட்டம் முடிந்து, கணக்குக் கொப்பிகளை அடுக்கிக் கொண்டிருந்தேன். எல்லோரும் போன பிறகும் ஆச்சி ஒருவர் மட்டும் பாயை விட்டு எழும்பவில்லை. அவருடைய மடியில் பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. பக்கத்தில் போய் இருந்தேன். மெதுவாக அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரு சின்ன றேடியோ. ஒரு மூலை உடைந்து, இறப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தது.

"பிள்ளை, நீ படிச்சனி. இதுக்கு என்ன நடந்தது எண்டு ஒருக்காப் பார். புதுப் பற்றறி போட்டும் என்ர பாட்டு வருகுதில்லை. பழுதாப் போச்செண்டு கன காலமாப் பெட்டிக்குள்ள வச்சிட்டன்."

அது அவருடைய மகன் வாங்கிக் கொடுத்த றேடியோ. 2006ஆம் ஆண்டு சம்பூர்ப் பக்கமிருந்து சனங்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று ஓடியபோது அந்த வழியில் மகனைத் தவறவிட்டவர் ஆச்சி. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மட்டக்களப்பு முகாம், பிறகு கிளிவெட்டி முகாம், பிறகு ஊர் என்று எத்தனையோ இடம் மாறினாலும் றேடியோ மட்டும் அவரோடு வந்தது.

நான் திருகியைத் திருப்பிப் பார்த்தேன். இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ஆச்சி விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில் மட்டும் வெறும் இரைச்சல். அது சிற்றலைப் பகுதி. பின்னேரங்களில் அந்த இடத்தில்தான் வெரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கேட்கும். வெரித்தாஸ் தனது சிற்றலை ஒலிபரப்பை 2018 யூன் 30ஆம் திகதியோடு நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"ஆச்சி, பெட்டி பழுதில்லை. அங்கயிருந்து அனுப்புறதை நிப்பாட்டிட்டாங்கள்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சொல்லிப்போட்டுத்தான் நிப்பாட்டியிருப்பினம். அந்த வருசம் நான் ஆசுப்பத்திரியும் வீடுமாத் திரிஞ்சனான்" என்றார். பிறகு றேடியோவைத் தடவிக்கொண்டு, "அப்ப இது பழுதில்லை. அது போதும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லே மனதில் நின்றது. இந்த வானொலிகளைப் பற்றி நம் சகோதரிகளுக்கு எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். அதோடு என்னுடைய பழைய பிழை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு பாலையூற்றில் இருந்தது. நாங்கள் சைவம். ஆனால் குவாடலூப்பே மாதா கோவில் மணி கேட்டுத்தான் எங்கள் வீட்டில் விடியும். தொண்ணூறுகளில், நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில், அம்மம்மா பின்னேர விளக்கை வைத்து, தேவாரம் பாடி முடித்துவிட்டு றேடியோவைப் போடுவார். வெரித்தாஸ் கேட்பார். புத்தளத்திலிருந்து வரும் கிறிஸ்தவப் பாட்டுகளையும் கேட்பார். செய்திக்காக பி.பி.சி. தமிழோசையும் கேட்பார். ஊரடங்கு நாட்களில் வெளியுலகம் என்று எங்களுக்கு இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

நாங்கள் ரவுணுக்குக் கிட்ட இருந்தபடியால் பற்றறி வாங்க முடிந்தது. அரச கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்குப் பற்றறி கொண்டு போகத் தடை இருந்தது. அங்கே சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள். இதை வாசிக்கும் சகோதரிகளில் பலர் அப்படி மிதித்திருப்பீர்கள். மிதிப்பவர் களைத்தால் பாட்டும் இறங்கும். ஆறி எழும்பி மிதித்தால் பாட்டு எழும்பும்.

அந்தக் குரல்கள் எங்கிருந்து வந்தன என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகுதான் அறிந்துகொண்டேன். வெரித்தாஸ் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் 1969இல் தொடங்கப்பட்ட கத்தோலிக்க வானொலி. அங்கிருந்து திருகோணமலை நாலாயிரம் கிலோமீற்றருக்கும் மேல். சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி இறங்குவதால் அவ்வளவு தூரம் வருகிறது. பாட்டு ஏறி இறங்கிக் கேட்பதும் அதனால்தான். புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் றேடியோ என்ற நிறுவனம் மத்திய அலையில் 882 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பியது. முதன்மையாக இந்தியாவை நோக்கிய ஒலிபரப்பு அது. ஆனால் இரவில் எங்கள் முற்றத்திலும் கேட்டது. இந்தியாவில் அதன் நிகழ்ச்சிகளைச் செய்தவர்கள் விஸ்வவாணி என்ற பெயரில் இயங்கினார்கள். ஃபீபா என்ற இன்னொரு நிறுவனம் இந்து சமுத்திரத்தின் சீசெல்ஸ் தீவிலிருந்து 1970 முதல் 2003 வரை தமிழ் உட்படப் பல மொழிகளில் ஒலிபரப்பியது.

இவற்றுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு. சவர்க்கார விளம்பரமும் இல்லை, பால்மா விளம்பரமும் இல்லை. அப்படியென்றால் செலவை யார் கொடுத்தார்கள்? திருச்சபைகளும் வெளிநாட்டு விசுவாசிகளும் கொடுத்தது பெரும் பங்கு. அதோடு நேயர்கள் அனுப்பும் சின்னச் சின்னக் காணிக்கைகளும் சேர்ந்தன. கேட்பவர்களே காசு போட்டு வானொலி நடத்துவது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் பேர்க்லி நகரில் 1949இல் கே.பி.எஃப்.ஏ. என்ற வானொலி அப்படித் தொடங்கியது. அது மதம் சாராதது. கலிஃபோர்னியாவில் 1982இல் ஒரு சிறு நிலையமாகத் தொடங்கிய கே-லவ் என்ற கிறிஸ்தவப் பாட்டு வானொலி, நேயர்களின் நன்கொடையிலேயே நாடு முழுவதும் கிளை பரப்பியது. நம் ஊர்க் கோவில் திருவிழாவுக்கு வீடு வீடாகத் தண்டுவதும் மரண உதவிச் சங்கத்துக்கு மாதக் காசு கட்டுவதும் இதே வழிதான்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து வெளியேறி, வேலைக்குச் சேர்ந்த புதிது. முகாம்களில் இருந்த பெண்களுக்குக் குடும்பச் செலவுக் கணக்கு எழுதப் பழக்குவது என் பொறுப்பு. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். வீண்செலவைக் கண்டால் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, அந்தக் காசைச் சேமிப்பில் போடச் சொல்ல வேண்டும். இந்த ஆச்சியின் கொப்பியும் என் கைக்கு வந்தது. எழுதிக் கொடுத்தது பக்கத்துக் கொட்டிலில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை. அரிசி, தேங்காய், மண்ணெண்ணெய் என்று வரிசையாக இருந்தது. கடைசியில் ஒரு வரி: "றேடியோவுக்கு 100".

பற்றறிக்கு என்று நினைத்துக் கேட்டேன். இல்லையாம். கொழும்பு முகவரியைக் கொண்ட ஒரு கிறிஸ்தவப் பாட்டு நிகழ்ச்சிக்கு, ஒவ்வொரு மாதமும் தபாற்கந்தோரில் காசுக்கட்டளை எடுத்து அனுப்புகிறாராம். நிவாரண அரிசியில் சீவிக்கும் ஒருவர் முகம் தெரியாத வானொலிக்குக் காசு அனுப்புகிறார்! எனக்குக் கோபம் வந்தது. ஆச்சி மேல் இல்லை. அவரிடம் காசு வாங்குகிறவர்கள் மேல். சிவப்புக் கோட்டை இழுத்தேன். "ஆச்சி, பாட்டு சும்மாவே கேக்கலாம். நீங்கள் அனுப்பாட்டியும் அவங்கள் பாடுவாங்கள்" என்று சொன்னேன்.

ஆச்சி கொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டு சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

"பிள்ளை, அரிசி நீங்கள் தாறீங்கள். தறப்பாள் இன்னொருத்தர் தந்தது. சட்டி பானை வேற ஆக்கள். உடுத்தியிருக்கிற சீலையும் ஆரோ தந்ததுதான். நான் ஒருத்தருக்குக் குடுக்கிறது இது ஒண்டுதான். இதையும் வெட்டிப்போட்டியள் எண்டால் நான் வாங்கித் தின்னிற மனிசியாத்தான் இருக்கோணும்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வரியை அழிக்கவும் முடியாது, சிவப்பு மை. கோட்டின் மேலே "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நிவாரண வரிசையில் நின்ற சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும்போது நமக்கு ஒரு பெயர் இருப்பதில்லை. ஒரு இலக்கம்தான் இருக்கும். ஊரில் நெல் அளந்து கொடுத்த கை, மாடு கறந்து அயலுக்குப் பால் கொடுத்த கை, ஏந்துகிற கையாக மாறும்போது உள்ளே ஏதோ முறிகிறது. வயிற்றுக்கு அரிசி கொடுத்தால் அது கூடிவிடும் என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படிக் கூடுவதில்லை. தானும் ஒருவருக்குக் கொடுக்கிறேன் என்ற நினைப்பு வந்தால்தான் முதுகு நிமிர்கிறது. ஆச்சி அந்த நூறு ரூபாவால் வாங்கியது அதைத்தான்.

காசுக்கட்டளையோடு ஒரு கடிதமும் போகும். பக்கத்துப் பிள்ளைதான் எழுதும். மகனுடைய பெயர், தவறிய இடம், ஆண்டு, அவனுக்காகப் பாட வேண்டிய பாட்டு. பதில் வரும். அச்சடித்த ஒரு சிறு தாள், கீழே இரண்டு வரி கையெழுத்து: "உங்கள் மகனுக்காக மன்றாடுகிறோம்." ஆச்சி மகனுக்காகக் கொடுக்காத விண்ணப்பம் இல்லை, ஏறாத படி இல்லை. அங்கெல்லாம் கிடைத்தது இலக்கம் போட்ட துண்டு. மகனின் பெயரைத் திருப்பி எழுதி வந்தது இந்தக் கடிதம் மட்டும்தான் என்பார்.

வெரித்தாஸும் தொண்ணூறுகளில் எங்கள் மக்களின் கடிதங்களை வாசித்தது. அப்போது தமிழ்ப் பணிக்குப் பொறுப்பாக இருந்த அருட்தந்தை ஜெகத் கஸ்பர் எங்கள் துயரத்தை வெளியே கேட்கச் செய்தவர்களில் ஒருவர். மண்டபம் முகாமில் இருந்தவர்களும் ஊரில் அகப்பட்டவர்களும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டோம். ஊர்ப் பெயர் ஒன்று வாசிக்கப்பட்டால் அம்மம்மா கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லுவார். எங்களுக்கு ஒரு கடிதமும் அப்படி வரவில்லை. ஆனாலும் வேறொருவரின் கடிதத்தைக் கேட்டு அழுதவர்கள், தங்கள் அழுகையையும் கொஞ்சம் இறக்கி வைத்தார்கள்.

அதே வானொலிதான் 1986 பெப்ரவரியில், மணிலாவில் சர்வாதிகாரி மார்க்கோஸுக்கு எதிராகச் சனங்களைத் தெருவுக்கு வரச்சொன்ன கர்தினால் சின்னின் அழைப்பை ஒலிபரப்பியது. இலட்சக்கணக்கானவர்கள் வந்தார்கள். கேட்பவர்கள் வெறும் காது மட்டுமே என்று நினைக்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இங்கே ஒரு கேள்வி எழும். எனக்கும் எழுந்தது. இது மதம் மாற்றுகிற வேலை இல்லையா? சைவ வீட்டுப் பெண்கள் கிறிஸ்தவப் பாட்டைக் கேட்டு, காசும் அனுப்பினால் நாளைக்கு என்ன நடக்கும்?

இந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். 2004ஆம் ஆண்டில் மதமாற்றத்தைத் தடுக்கவென்று பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலமே வந்தது. அந்த ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி அடித்த பிறகு எங்கள் கரைகளுக்குப் பலவகை உதவிகள் வந்தன. கேள்வி கேட்காமல் உதவிய கிறிஸ்தவர்களே அதிகம். ஆனால் அரிசிப் பொதியோடு துண்டுப் பிரசுரத்தையும் வைத்து, செபத்துக்கு வந்தால் வீட்டுக்குப் பெயர் பதியலாம் என்று சொன்னவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய அநியாயம். பசித்தவரிடம் விசுவாசத்தை விலைக்குக் கேட்பதை எந்தச் சமயமும் ஏற்காது.

வானொலி அப்படியல்ல என்பதை ஆச்சியிடமிருந்து கற்றுக்கொண்டேன். றேடியோவில் திருகி இருக்கிறது. பிடிக்காவிட்டால் மூடலாம். நிவாரண வரிசையில் நிற்பவளின் கையில் அப்படி ஒரு திருகி இல்லை. ஆச்சி இன்றைக்கும் வெள்ளிக்கிழமையில் அம்மன் கோவிலுக்குப் போகிறவர். "பிரசங்கம் தொடங்கினால் சத்தத்தைக் குறைச்சிட்டுத் தேத்தண்ணி வைப்பன், பாட்டு வந்தாப் பிறகு கூட்டுவன்" என்று சிரிப்பார்.

பாட்டும் அந்நியமானது இல்லை. அம்மம்மா அடிக்கடி, "இது எங்கட பண் மாதிரியெல்லோ கிடக்கு" என்பார். அவர் சொன்னது சரிதான். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளில் பெரும் பெயரான வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் பிறந்தவர். தஞ்சாவூர் சரபோஜி மன்னரும் அவரும் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தவர்கள். கர்நாடக இராகங்களிலும் கும்மி, குறவஞ்சி போன்ற நம் வடிவங்களிலும் அவர் பாடினார். அவருடைய நூல் ஒன்றின் பெயரே பெத்லகேம் குறவஞ்சி. வெரித்தாஸில் பணியாற்றிய அதே கஸ்பர் அடிகளார் நிறுவிய தமிழ் மையம்தான், 2005இல் இளையராஜாவின் இசையில் திருவாசகத்தை வெளியிட்டது. மாணிக்கவாசகரைக் கத்தோலிக்கக் குரு கொண்டுவரலாம் என்றால், கீர்த்தனையைச் சைவ ஆச்சி கேட்பதில் என்ன குற்றம்?

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. வெரித்தாஸ் இணையத்தில் இருக்கிறது. மற்ற நிகழ்ச்சிகளும் கைபேசிக்குப் போய்விட்டன. இளம் பிள்ளைகளுக்கு வசதிதான். ஆனால் கைபேசியில் பாட்டுக் கேட்க டேட்டா வேண்டும், கண் பார்வை வேண்டும், விரல் எங்கே தொட வேண்டும் என்று தெரிய வேண்டும். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து, மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனபோது கைபேசிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. பற்றறி றேடியோ வைத்திருந்த கிழவிகளிடம்தான் செய்தி கேட்கப் போனோம்.

நிலாவெளி வீதியால் போகிறவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அந்தப் பக்கம் ஜேர்மன் வானொலியான டொயிச் வெலவின் பெரிய அஞ்சல் நிலையம் இருந்தது. போர்க்காலத்திலும் எங்கள் கரையிலிருந்து உலகத்துக்கு ஒலிபரப்பு நடந்தது. 2013இல் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளித்தார்கள். அவ்வளவு பெரிய கம்பங்களின் நிழலில் வாழ்ந்த எங்கள் பெண்களின் குரலோ, மணிலாவுக்குத் தபாலில் போய்த்தான் திரும்பி வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு ஆச்சி மறுபடியும் வந்தார். றேடியோவைக் கொண்டுவரவில்லை. அது இப்போது வீட்டில் இலங்கை வானொலியில் பாடிக்கொண்டிருக்கிறதாம். கையில் நூறு ரூபாத் தாள் ஒன்று இருந்தது. "இதை இனி எங்க குடுக்கிறது?" என்று எல்லோருக்கும் நடுவில் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் பெண்களே பதில் சொன்னார்கள். ஐந்து பேர் மாதம் நூறு ரூபா போடுவது, அந்தக் காசில் ஒரு கைபேசிக்கு டேட்டா போடுவது, ஞாயிறு பின்னேரம் ஒருவர் வீட்டு விறாந்தையில் கூடி, ஆளுக்கொரு பாட்டாகக் கேட்பது. ஒருவருக்குத் தேவாரம், ஒருவருக்குக் கீர்த்தனை, பக்கத்து வீட்டு முஸ்லிம் சகோதரிக்கு நாகூர் ஹனிபா பாட்டு. மிஞ்சிய காசில், கூட்டத்துக்கு வர இயலாமல் படுக்கையில் கிடக்கும் இரண்டு பேரோடு கைபேசியில் கதைப்பது. ஆச்சிதான் பொருளாளர். எழுத்துத் தெரியாத பொருளாளர் என்று பகிடி பண்ணினார்கள். "எண்ணத் தெரியும்" என்றார்.

நாங்கள் இன்னும் மூன்று ஞாயிறுதான் கூடியிருக்கிறோம். இது நிலைக்குமா என்று சொல்ல முடியாது. ஒரு வாரம் மழை. ஒரு வாரம் கைபேசிக்காரி வீட்டில் இல்லை. ஆனால் சங்கக் கொப்பியில் வரவு, செலவு என்ற இரண்டு பக்கத்துக்கும் பிறகு "கொடுத்தது" என்று மூன்றாவது பக்கம் ஒன்றைத் திறந்திருக்கிறோம். அங்கே சிவப்புப் பேனை போகாது.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இப்படிப் பழுதென்று நினைத்துச் சுற்றி வைத்த றேடியோக்கள் இருக்கும். அவற்றின் சொந்தக்காரரிடம் போய் இருந்து, எந்தப் பாட்டைக் கேட்டீர்கள், யாருக்காகக் கேட்டீர்கள் என்று கேளுங்கள். உங்கள் கொப்பியிலும் மூன்றாவது பக்கம் ஒன்றைத் திறவுங்கள். ஒரு பிடி அரிசியோ, ஒரு கொத்து முருங்கையிலையோ, அரை மணி நேரமோ, கொடுத்ததை எழுதுங்கள். எங்களைப் போல் நிவாரணம் வழங்க வருகிறவர்களும் அந்தப் பக்கத்தைப் பார்க்கட்டும்.